அத்தையின் அளவு ஜாக்கெட்

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, கேன்டீன்காரர் வீடு எது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கை காட்டுவார்கள். நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப் போகிறார்கள், அதனால் நானே சொல்கிறேன். ஒரகடத்தில் மூன்று, வல்லம் வடகாலில் இரண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று என்று ஆறு கம்பெனிகளுக்கு மூன்று ஷிப்டும் என் அடுப்பிலிருந்துதான் சோறு போகிறது. படப்பை ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டினேன். நடுவில் தூண் இல்லாத மண்டபம். முடியாது என்று இன்ஜினீயர் சொன்னார், கூடவே நின்று முடிக்க வைத்தேன். வெளியூர்ப் பிள்ளைகள் தங்க மூன்று மாடிக் கட்டடம் கட்டினேன். ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டில், பாறை வந்தும் விடாமல் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். எட்டாம் வகுப்பு பெயில் நான். அப்பன் வைத்துவிட்டுப் போன தொழில் இல்லை, மாமன் மச்சான் சிபாரிசு இல்லை. இந்த இரண்டு கையும் இந்த உடம்பும்தான் முதல். முழு அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு லாரியிலிருந்து அடுப்படி வரை போனவன். இன்றைக்கும் என் தோளைப் பார்த்துத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள்.

என்னோடு ஐம்பதைத் தொடுகிற கூட்டாளிகளே, நம் சங்கத்து மலருக்குச் சிறுவயது நினைவு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஏரியில் நீந்தியது, புளியங்காய் அடித்தது என்று நீங்களெல்லாம் எழுதுவீர்கள். நானும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் நடந்த ஒன்று பேனாவை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாம்பரத்தில் ஒரு பெரிய தையல் கடைக்குக் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தோம். டேப் வைத்து அளந்த பெண் ஒரு எண்ணைச் சொன்னாள். என் மகள், "ரெண்டு இன்ச் கம்மியாவே தைங்கக்கா, அதுக்குள்ள நான் கொறைச்சிடுவேன்" என்றாள்.

"எல்லாப் பொண்ணுங்களும் இதையேதான் சொல்றாங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நான் வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். இல்லாத உடம்புக்கு ஜாக்கெட் தைப்பதை இதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தவன் நான்.

அது தொண்ணூற்றொன்று. அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோடெல்லாம் போலீஸ், பஸ் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாது. அப்படிப்பட்ட நாளில்தான் அக்காவைப் பெண் பார்க்க மூன்று ஆண்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, ஒரு பெரியப்பா. உத்திரமேரூர் பக்கத்து விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை மட்டும் மெட்ராஸில் லேத் பட்டறையில் வேலை. வழியில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று பெண்களை அழைத்து வரவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பதின்மூன்று. அவள் உயரம், ஒல்லி, அதிவேகம். நாற்று நடும்போது மற்றவர்கள் ஒரு பாத்தி முடிப்பதற்குள் இவள் வரப்பில் ஏறி நிற்பாள். கையில் வளையல் போட்டால் முழங்கை வரை போய்த் திரும்பி வரும். ஊரில் அவளுக்கு முருங்கைக்காய் என்று பெயர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பெண் என்றால் கன்னம் உப்பியிருக்க வேண்டும், வளையல் சதையில் பதிந்திருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாய் நிறைய வேண்டும். "பூசினாப்ல கீறா" என்றால் அதுதான் பெரிய பாராட்டு. பெண் ஒல்லி என்றால் அவள் வீட்டில் சோறு இல்லை என்று அர்த்தம். அவளைப் பார்த்துச் சொல்லும் சொல் அது இல்லை, அவள் அம்மாவின் அடுப்பைப் பார்த்துச் சொல்வது. எங்கள் அம்மாவுக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது.

சோறு போடுகிற தொழிலில் இருப்பதால் பல சீமை உடம்பைப் பார்த்துவிட்டேன். ஒரு கம்பெனியில் இருந்த கொரியாக்கார மேனேஜர் தன் கல்யாணப் படத்தைக் காட்டினார். ஊதினால் பறந்துவிடுவாள் போல மணப்பெண். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று மாதம் அவித்த முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும் சாப்பிட்டு அப்படி ஆனாளாம். பெருமையாகச் சொன்னார். அதே கேன்டீனில் மெஷின் பழக வந்திருந்த ஆப்பிரிக்காக்காரர் ஒருவர், பாலைவன நாட்டு ஆள், அதைக் கேட்டு முகம் சுளித்தார். அவர் அம்மா காலத்தில் கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைக் கூடாரத்தில் உட்கார வைத்து ஒட்டகப் பாலை நாளெல்லாம் புகட்டுவார்களாம். பெண் குடிக்க மறுத்தால் கால் விரலைக் கட்டையில் வைத்து நெரிப்பார்களாம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என் சாம்பாரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒல்லி என்றால் கொரியாக்காரருக்கு அழகு, பாலைவனத்துக்காரருக்குப் பஞ்சம். எங்கள் ஊர் அந்தப் பாலைவனத்துக்குச் சொந்தக்கார ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்த்துவிட்டுப் போன ஆண்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியதும் வந்தது. செய்தி கொண்டுவந்த பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"எங்க வூட்ல கேக்குது, பொண்ணு பூசினாப்லயா ஒல்லியான்னு. எங்களுக்கு இன்னா தெரியும், நாங்க மொகத்ததான் பாத்தோம். ஒரு அளவு ஜாக்கெட் வாங்கியாரச் சொல்லிச்சி. கூறைக்கு ஜாக்கெட் தைக்கறதுக்கும் ஆச்சி, அதப் பாத்தாலே பொண்ணு எப்டின்னு அதுக்குத் தெரிஞ்சிடுமாம்."

இது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கூறைப்புடவைக்கான ஜாக்கெட்டை மாப்பிள்ளை வீட்டார் தைத்து எடுத்து வருவார்கள். அதற்குப் பெண் வீட்டிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்று அளவுக்குப் போகும்.

அம்மா உள்ளே போய் அக்காவின் ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்து மூடினாள். பின்கட்டு வழியாகப் பின் தெருவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. கோயில் தேர் மாதிரி இருப்பாள். அவள் நடந்து வந்தால், மகாலட்சுமி வருது என்று வழிவிடுவார்கள்.

"அண்ணி, உங்க ஊதா ஜாக்கெட்ட குடுங்க."

"இன்னாத்துக்குடி?"

அம்மா சொன்னாள். அத்தை வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "இன்னாடி பண்ணப் போற? பொண்ண எனக்குள்ள போட்டு அடைக்கப் போறியா?"

"ஆவணிக்கு ரெண்டு மாசம் கீது இல்ல. ஏத்திடலாம்."

"எருமைக்கே ரெண்டு மாசத்துல ஏறாதுடி."

"நீங்க குடுங்க."

ஊதா ஜாக்கெட் மஞ்சள் பையில் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தியாம். ஆவணியில் முகூர்த்தம்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது. விடிந்ததும் இரண்டு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். வெயில் ஏறியதும் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து அதிலும் நல்லெண்ணெய், வெல்லம். மத்தியானம் சோற்றில் நெய். சாயங்காலம் ஊறவைத்த வேர்க்கடலை, ஒரு சொம்பு எருமைப்பால். வயலுக்குப் போகக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, ஓடக் கூடாது. எங்கள் வீட்டில் முட்டை சந்தைக்குப் போகிற சாமான். நெய் பண்டிகைக்கு. அந்த இரண்டு மாதம் அவள் ஒருத்திக்காக அடுப்பு மணந்தது. எனக்குப் பழைய சோறும் ஊறுகாயும்தான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெல்ல வாசனையை மோந்துகொண்டிருப்பேன். இன்றைக்கு ஆறு கேன்டீனில் எது கொதித்தாலும் அந்தக் களியின் வாசனை மாதிரி ஒன்று என் மூக்குக்கு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அம்மா அத்தையின் இன்னொரு ஜாக்கெட்டை அக்காவுக்குப் போட்டுப் பார்ப்பாள். பின்னால் தொங்குகிற துணியைக் கையால் கொத்தாகப் பிடிப்பாள். "ஒரு பிடி கீது" என்பாள். அதுதான் அவளுக்கு டேப். ஒரு பிடி, முக்கால் பிடி, அரைப் பிடி.

முதல் வாரமே அக்காவால் முடியவில்லை. பச்சை முட்டை குமட்டியது. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து என்னைப் போருக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"டேய், வாயத் தொற."

"இன்னாக்கா?"

"தொறன்னா தொற."

களி உருண்டை உள்ளே போனது. எண்ணெய் தாடையில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா கேட்டா நான் துன்னேன்னு சொல்லு. உனக்கும் ஆச்சி எனக்கும் ஆச்சி."

அப்படித்தான் தொடங்கியது. அவள் கொடுத்தாள், நான் தின்றேன். அதுவரை தப்பில்லை. அந்த அளவோடு நின்றிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன்.

ஆடி பிறந்ததும் அக்கா மாறினாள். யாரும் மிரட்டவில்லை. மாப்பிள்ளையின் முகம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது என்று இப்போது தெரிகிறது. அரிசி புடைக்கும்போது தனியாகச் சிரிப்பாள். முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க ஆரம்பித்தாள். களியைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, கடைசி உருண்டை வரை தின்றாள். வெள்ளிக்கிழமை அம்மா பிடித்துப் பார்த்து, "அரைப் பிடிதான்" என்றாள். அம்மா முகத்தில் நான் அந்த வருஷம் பார்த்த ஒரே சந்தோஷம் அது.

நான் போருக்குப் பின்னால் போய் நிற்பேன். அவள் வர மாட்டாள். ஒரு மாதம் நெய்யும் வெல்லமும் பழகிய நாக்கு. பழைய சோறு இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அக்கா என் பங்கைத் தின்கிறாள் என்றுதான் தோன்றியது. கூட்டாளிகளே, அது அவள் பங்கு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் அப்பாவோடு படப்பைக்குப் போனபோது என் டவுசரைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் இடுப்பு பற்றாமல் போய்விட்டது. தையல்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவர் சுவரில் பத்திரிகைப் படங்கள் ஒட்டியிருந்தார், எல்லாம் கொடி மாதிரிப் பெண்கள். வந்த ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல பொம்பளைன்னா பொம்பளையா இருக்கணும் பாத்துக்கிடுங்க. மெட்ராஸ் பயலுவ இப்பம் எல்லாவனும் ஒல்லிப் பொண்ணுதான் வேணும்னுல்லா நிக்கானுவ." நான் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். பத்திரிகை அடிப்பதற்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெயரை எழுதி வாங்க வந்தது. அப்பா வயலில் இருந்தார். கிணற்றடியில் நான் மட்டும்தான். அவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் வரவில்லை. என் தலையைத் தட்டி, "இன்னா மச்சான், அக்கா நல்லா கீதா?" என்று கேட்டார். "நல்லா கீது மாமா" என்றேன். தண்ணீர் குடித்தார், வயல் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நான் உள்ளே ஓடினேன். அக்கா களித்தட்டை அப்போதுதான் மடியில் வைத்திருந்தாள்.

"யக்கா, மாமா வந்தாரு."

"எங்க?" என்று எழுந்தாள்.

"போய்ட்டாரு. உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. நீ இப்டியே இருக்கணுமாம். குண்டாவக் கூடாதாம். மெட்ராஸ்ல ஒல்லியா கீறவங்களதான் அழகுன்னு சொல்லுவாங்களாம். அவருக்கு உன்ன இப்டியேதான் புடிச்சிருக்காம்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கையைத் தானே நீட்டிப் பார்த்துக்கொண்டாள், முழங்கையிலிருந்து விரல் வரை, யாரோ புதிதாகக் கொடுத்த கை மாதிரி. தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ துன்னு" என்றாள்.

அன்றிலிருந்து எல்லாம் எனக்குத்தான். முட்டை, களி, நெய்ச்சோறு, பால். அவள் என் பழைய சோற்றில் நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். சந்தோஷமாக இருந்தாள். வேலையில்லாத கையோடு வாசலில் உட்கார்ந்து பூ கட்டினாள். வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா கொத்தாகப் பிடித்தாள். "ஒரு பிடி." அடுத்த வெள்ளி, "ஒண்ரைப் பிடி." அம்மா ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தாள். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒழுங்கா துன்றாளாடா? எங்கியாச்சும் கொட்டறாளா?"

"துன்றாம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அம்மா என் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். ஆடி மாதத்தில் பிள்ளைகள் வளரும் என்று நினைத்தாளோ என்னவோ. மனிதர்கள் எதைத் தேடுகிறார்களோ அது எதிரில் நின்றாலும் தெரியாது. அவள் கண்ணெல்லாம் அக்காவின் முதுகுத் துணியில் இருந்தது.

ஆவணியில், முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால், பரியம் போட, அதாவது நிச்சயத் தட்டு வைக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் டிராக்டரில் வந்தார்கள். பகல் பதினொரு மணி. தட்டுத் தட்டாகப் பழம், பூ, மஞ்சள். ஒரு தட்டில் அரக்குக் கூறைப்புடவை, மேலே மடித்து வைத்த அரக்கு ஜாக்கெட், கையில் ஜரிகை. மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் போலவே நல்ல உடம்பு. குரலும் பெரிது. ஆனால் கெட்ட மனுஷி இல்லை. இதை நான் முப்பது வருஷத்துக்கு மேலாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

"எங்க என் மருமவ? வா கண்ணு" என்று உள்ளறைக்குள் போனாள். தானே ஜாக்கெட்டைப் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவன் கதவோரம் நின்றுவிட்டேன்.

ஜாக்கெட் தோளிலிருந்து சரிந்தது. கை இரண்டும் பை மாதிரித் தொங்கின. அந்த அம்மாள் அக்காவைத் திருப்பி நிறுத்தி, முதுகில் இருந்த துணியைக் கொத்தாகப் பிடித்தாள். எங்கள் அம்மா பிடிப்பதைப் போலவே. கை நிறைந்தது.

"கண்ணு, நடுவுல ஜுரம் கிரம் வந்து படுத்தியா?"

"இல்ல அத்தே."

"இருமல்?"

"இல்ல."

அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து அத்தையின் ஊதா ஜாக்கெட்டை எடுத்தாள். புது ஜாக்கெட்டைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். தோளுக்குத் தோள், கைக்குக் கை, இரண்டும் ஒன்று. "தையக்காரன் மேல தப்பு இல்ல" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு மாசத்துல ஒரு பொண்ணு இத்தினி எளைப்பாளா?"

அம்மா வாயைத் திறந்தாள். அளவே பொய் என்று சொன்னால் ஏமாற்றியதாகும். சொல்லாவிட்டால் வேறு ஒன்றாகும். அந்த வேறு ஒன்று என்னவென்று அம்மாவுக்கு அப்போது புரியவில்லை. அத்தை சுவரோரம் நின்றிருந்தாள், தன் ஜாக்கெட்டைத் தானே பார்த்துக்கொண்டு. ஏதோ சொல்ல வந்தவள் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"என் கூடப் பொறந்தவ இப்டித்தான்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பெரிய குரல் சின்னதாகிவிட்டது. "கல்யாணமாயி மூணாம் மாசம், ஜாக்கெட்டு லூசாப் போச்சிக்கான்னு சிரிச்சா. ஆறாம் மாசம் தூக்கிக்கினு போனோம். எளப்பு."

எளப்பு என்றால் டி.பி. அந்தச் சொல் விழுந்ததும் கூட வந்த பெண்கள் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் நகரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தவள் கண்ணில் நான் பட்டேன்.

"ராஜா, இங்க வா. நீ கொழந்த, உனக்குப் பொய் வராது. ரெண்டு மாசமா அக்கா ஒழுங்கா சாப்ட்டாளா? சாப்டலன்னா சொல்லிடு. சின்னப் பொண்ணு, கல்யாண பயத்துல சோறு எறங்காம இருந்திருக்கும். அப்டின்னா ஒண்ணுமே இல்ல, எங்க வூட்டுக்கு வந்தா நான் தேத்திக்கிறேன்."

கூட்டாளிகளே, கதவை அவள் திறந்தே வைத்தாள். சாப்பிடவில்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். பத்தாம் நாள் அக்கா கழுத்தில் தாலி. ஆனால் சாப்பிடவில்லை என்றால் அந்த முட்டையும் நெய்யும் எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். அம்மாவின் கையில் விறகுக்கட்டை வரும். மாமா சொன்னதாக நான் சொன்னதும் வெளியே வரும். அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எல்லாத்தையும் துன்னா" என்றேன். "ஒண்ணு வுடாம துன்னா."

அந்த அம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தொட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா, சொல்ல முடியாது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

பழத்தையும் பூவையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஊதா ஜாக்கெட்டையும் அரக்கு ஜாக்கெட்டையும் ஒன்றாக விட்டுவிட்டுப் போனார்கள். புடவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அத்தை அந்த ஊதாவைப் பிறகு போட்டு நான் பார்த்ததில்லை. அரக்கு எங்கே போனதென்று தெரியாது.

அப்பா அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை என்று சீட்டு எழுதித் தந்தார்கள். அப்பா அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் பக்கம் போனார். மாப்பிள்ளை, "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா, அம்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். அந்த அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "நோவு இல்லன்னா சந்தோசம். அப்ப அந்தச் சதை எங்க போச்சி, அத மட்டும் சொல்லுங்க."

அத்தையின் அளவு அது என்று சொன்னால் ஏமாற்றியதாகும் என்று அப்பா சீட்டை மடித்துக்கொண்டு திரும்பினார். அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு மாதம் தன் கையால் ஆக்கிப் போட்டவள், பிடி ஏறுவதைத் தன் கையால் பார்த்தவள். அக்காவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். அந்தச் சதை எங்கே போயிற்று என்று தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான். அவன் டவுசரை இரண்டாம் தடவை பிரித்துத் தைத்தார்கள்.

அப்புறம் வந்த வரன்களெல்லாம், நெஞ்சுப் படம் எடுத்த பொண்ணுதானே என்று கேட்டுவிட்டுப் போயின. படம் எடுத்ததே நோய்க்குச் சாட்சி ஆகிவிட்டது. மூன்று வருஷம் பார்த்தார்கள், விட்டார்கள். அக்கா ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். நான் முதல் கேன்டீன் எடுத்தபோது அந்த வேலையை விட்டுவிட்டு வந்து முதல் உலையை வைத்தவள் அவள்தான். மேலே எழுதிய பட்டியலில் அதை விட்டுவிட்டேன். எப்போதும் விட்டுவிடுவேன்.

எனக்கு முப்பது வயது இருக்கும்போது ஒரு காலையில் அடுப்படியில் அவளிடம் சொன்னேன். அவள் அண்டாவில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, அன்னிக்கு மாமா ஒண்ணுமே சொல்லல. நானாதான் சொன்னேன்."

"தெரியும்டா."

"இன்னா தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தப்ப தலையே தூக்காத ஆளு, உங்கிட்ட நின்னு அத்தினியும் பேசினாரா? அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் துன்னாம எனக்கே குடுத்த?"

களைந்த தண்ணீரை வடித்தாள். கீழே விழுந்த நான்கைந்து அரிசியைப் பொறுக்கி அண்டாவில் போட்டாள்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம ஏத்து ஏத்துன்னாங்க. இப்டியே இருன்னு ஒரு ஆளு சொன்னதா இருந்துட்டுப் போவட்டுமேன்னு பாத்தேன். பொய்யா இருந்தாலும் கேக்க நல்லா இருந்திச்சி." பிறகு, "நவுரு, ஒல கொதிக்கிது" என்றாள்.

அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. கடைசி வரை கேட்கவில்லை.

போன தை மாதம் அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி, அரை மணி நேரம். என் மண்டபத்துக்கு முன்னால்தான் பந்தல் போட்டேன். ஊரே வந்தது. பாடையைத் தூக்கியவர்கள் எடையே இல்லை என்றார்கள். பின்னால் ஒரு சித்தி சொன்னாள்: "சின்ன வயசுலயே டி.பி. வந்த ஒடம்பு. இத்தினி நாள் இருந்ததே பெருசு." நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். அத்தை உயிரோடு இல்லை, அம்மாவும் இல்லை. மறுத்துச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். கொள்ளிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

தையல் கடைக்குப் போன அன்று காரிலிருந்து இறங்கித் திரும்ப உள்ளே போனேன். "உள்ள அளவுக்கே தைங்கம்மா" என்றேன். என் மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் இந்த மலர் அவள் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஆகவே மலர்க் குழுவுக்கு என் கோரிக்கை. என் படத்துக்குக் கீழே ஆறு கேன்டீன், மண்டபம், மாடிக் கட்டடம், பாறைக் கிணறு என்று போடுவீர்கள். போடுங்கள், ஒன்றையும் விடாதீர்கள், எல்லாம் நான் கட்டியது. இந்த உடம்புதான் முதல் என்று எழுதினேனே, அந்த உடம்பு எப்படி வந்தது என்பதையும் அதே எழுத்தில், அதே அளவில் போடுங்கள். அவளுக்கென்று ஆக்கியதைத் தின்றவன் நான். மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னவன் நான். கேட்டபோது மறைத்தவன் நான். அவள் உடம்பில் ஒரு நாளும் ஒரு நோயும் இல்லை. எங்கள் அம்மாவின் வீம்பால் கெட்டது, அந்த அம்மாளின் பயத்தால் கெட்டது என்று யாராவது திருத்தி எழுத வந்தால் விடாதீர்கள். என் பங்கை வேறு யாருக்கும் தர நான் சம்மதிக்க மாட்டேன். அது என் பெயரில்தான் வர வேண்டும்.